மார்பகப் பெரிதாக்க அறுவை சிகிச்சை: தேதி குறிக்கும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

மழைத்துளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் தோழிகளே. எனக்கு 31 வயது. குழந்தைக்குப் பதினான்கு மாதங்கள் பால் கொடுத்து நிறுத்திய பிறகு, மார்பகத்தின் மேற்பகுதி வற்றியது போலவும் மொத்தத்தில் சற்று இறங்கியது போலவும் ஆகிவிட்டது. அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஓராண்டாக என்னிடம் இருக்கிறது. யாரும் சொல்லி வந்த எண்ணம் அல்ல. சென்ற வாரம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் முதல் ஆலோசனைக்குச் சென்றேன். மார்பகத்துக்குள் வைக்கும் பைகளான இம்பிளான்ட்டுகளின் மாதிரிகளை உள்ளாடைக்குள் வைத்துக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார்கள். 275 சிசியா, 325 சிசியா என்பதிலேயே நேரம் முழுவதும் கழிந்தது. வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான், அளவைத் தவிர வேறொன்றையும் நான் கேட்கவில்லை என்பது உறைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் உண்டு. இதைச் செய்துகொண்டவர்களும், இதோடு தொடர்புள்ள பணியில் இருப்பவர்களும், நான் எதையெல்லாம் கேட்டுத் தெளிய வேண்டும் என்று சொல்வீர்களா?

தறி

தோழி, பதினொரு ஆண்டுகளுக்கு முன் நானும் அளவை மட்டும் பேசிவிட்டு அறுவை மேசையில் படுத்தவள். இன்று யாராவது என்னிடம் கேட்டால், வைப்பதைப் பற்றிக் கேட்கும் முன் எடுப்பதைப் பற்றிக் கேளுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். இம்பிளான்ட் ஆயுள் முழுவதற்குமான பொருள் அல்ல. பெரிதாக்கத்துக்காக வைத்துக்கொள்ளும் பெண்களில் ஐந்தில் ஒருவர் வரை 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் அதை எடுக்க நேர்கிறது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்கிறது. 2021 அக்டோபரில் அந்த நிர்வாகம் இம்பிளான்ட்டுகளுக்குக் கட்டமிட்டு அச்சிடும் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியபோது, அதில் இடம்பெற்ற செய்திகளில் இம்பிளான்ட் ஆயுளுக்குமான பொருள் அல்ல என்பதும் ஒன்று. நான் ஒப்புக்கொண்டது ஓர் அறுவைக்கு என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஒப்புக்கொண்டது குறைந்தது இரண்டுக்கு.

என் கதை இதுதான். எந்த அந்நியப் பொருளை உள்ளே வைத்தாலும் உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிக்கொள்ளும். அது இயல்பு, அந்த உறை மெல்லியதாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. சிலருக்கு அது தடித்துச் சுருங்கி, உள்ளிருக்கும் பையை நெருக்கத் தொடங்கும். மருத்துவர்கள் இதை பேக்கர் என்னும் நான்கு படி அளவையால் குறிக்கிறார்கள்: முதற்படியில் மார்பகம் இயல்பாக இருக்கும், இரண்டாவதில் கொஞ்சம் இறுக்கம், மூன்றாவதில் இறுக்கத்தோடு வடிவமும் மாறும், நான்காவதில் வலியும் சேரும். எனக்கு எட்டாம் ஆண்டில் இடப்பக்கம் மூன்றாம் படியைத் தாண்டியது. குப்புறப் படுக்க முடியவில்லை. இரண்டாவது அறுவையில் உறையை வெட்டி எடுத்துப் புதியது வைத்தார்கள். அது முதல் அறுவையைவிட நீண்ட நேரம் எடுத்தது. ஆறுவதற்கும் கூடுதல் நாட்கள் ஆயின. புதியது வைக்காமல் எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று அப்போது கேட்டேன். விரிந்த தோல் முழுதாகச் சுருங்காமல் தளர்ந்து நிற்கலாம், உள்ளிருந்த சொந்தத் திசு அழுத்தத்தில் மெலிந்திருக்கலாம் என்றார். இது எட்டு ஆண்டுகளுக்கு முன்பே எனக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய செய்தி.

நடைபாதை

தாய்மையின் அடையாளத்தைக் கத்தி வைத்து மாற்ற வேண்டுமா? இருக்கும் உடலோடு மனம் ஒத்துப்போனால் இந்தச் சிக்கல்களே இல்லையே.

மழைத்துளி

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் கேட்டது செய்யலாமா என்பதை அல்ல, செய்வதானால் எதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதை.

இரவுப்பணி

பிளாஸ்டிக் சர்ஜரி அறுவை அரங்கில் பல ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். நடைபாதையின் கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் வேண்டாம். அதற்கு வேறு ஒரு வடிவம் உண்டு. நல்ல மருத்துவர் அதை முதல் சந்திப்பிலேயே கேட்பார். நாளெல்லாம் அந்த ஒரு குறையையே நினைத்து, கண்ணாடியைத் தவிர்த்து, வெளியே செல்லாமல் இருக்கும் அளவுக்குத் துயரம் இருந்தால், அது உடல் தோற்றம் பற்றிய மனநோயாக இருக்கலாம். அந்த நிலையில் செய்யப்படும் அறுவை எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் நிறைவு தருவதில்லை. கவலை வேறோர் உறுப்புக்கு மாறிவிடும். மணமுறிவு, இழப்பு போன்ற பெரிய அதிர்ச்சிக்கு அடுத்த சில மாதங்களில் எடுக்கும் முடிவையும் தள்ளிப்போடச் சொல்வோம். மழைத்துளி எழுதியதில் அப்படி எதுவும் தென்படவில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் பட்டது வேறொன்று. நிறைவு குறைந்ததும் இறங்கியதும் ஒரே குறை அல்ல. இம்பிளான்ட் கொள்ளளவைக் கூட்டும், தூக்கி நிறுத்தாது. மார்பகத்துக்குக் கீழே நெஞ்சோடு சேரும் மடிப்பைப் பாருங்கள். நின்ற நிலையில் காம்பு அந்த மடிப்புக்கு மேலே இருந்தால், இம்பிளான்ட் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மடிப்புக்குக் கீழே போயிருந்தால், தோலைக் குறைத்துக் காம்பை மேலேற்றும் தூக்கு அறுவை தேவைப்படும். சிலருக்கு அது மட்டுமே போதும். அந்த நிலையில் பெரிய பையை வைத்துத் தளர்ச்சியை நிரப்பப் பார்த்தால், கூடுதல் எடை தோலை இன்னும் கீழே இழுக்கும். அரங்கில் நான் பார்த்த மறு அறுவைகளில் இந்த வகை குறைவல்ல. தூக்கு அறுவைக்குத் தழும்பு அதிகம். காம்பைச் சுற்றியும், அங்கிருந்து கீழ்நோக்கியும் வரும். அந்தத் தழும்பைத் தவிர்ப்பதற்காகவே பெரிய இம்பிளான்ட்டைக் கேட்பவர்கள் உண்டு, அதற்கு இசையும் மருத்துவர்களும் உண்டு.

அடுத்து அளவு. உள்ளாடையில் வைத்துப் பார்ப்பது ஒரு தோராயமே. உங்கள் மார்பகத்தின் அடிப்பகுதி எத்தனை சென்டிமீட்டர் அகலம், தோல் எவ்வளவு நீளும், மேற்பகுதியில் கிள்ளினால் எவ்வளவு தடிமன் வருகிறது என்று அளவெடுத்தார்களா? மேற்பகுதியில் கிள்ளும் தடிமன் 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், பையின் விளிம்பு வெளியே தெரியாமல் இருக்க மார்புத் தசைக்கு அடியில் வைப்பதையே பலர் விரும்புவார்கள். தசைக்கு அடியில் வைத்தால் முதல் நாட்களின் வலி அதிகம். பிற்பாடு கையை அழுத்தி எதையாவது தள்ளும்போது மார்பகம் அசைந்து வடிவம் மாறுவதும் சிலருக்கு நேரும். தசைக்கு மேலே, சுரப்பிக்கு அடியில் வைத்தால் அந்த அசைவு இராது. ஆனால் மெலிந்தவர்களுக்கு விளிம்பு தெரியும், உறை இறுகும் வாய்ப்பும் கூடும். கப் அளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது என்பதால், எந்த மருத்துவரும் இந்தக் கப் வரும் என்று உறுதி சொல்ல இயலாது. சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஆழி

இம்பிளான்ட்டே வேண்டாம், தொடையிலும் வயிற்றிலும் இருக்கும் கொழுப்பை எடுத்து வைக்கலாம் என்று சொல்கிறார்களே? ஊசி மூலம் ஜெல் செலுத்துவதும் இருக்கிறதாமே?

இரவுப்பணி

கொழுப்பு மாற்றம் உண்மையான முறைதான். பொருந்துபவர்களுக்கு நன்றாகவே அமையும். ஆனால் செலுத்தியதில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடும், ஒரே முறையில் கிடைக்கும் பெருக்கம் சிறியது, எடுக்க உடம்பில் கொழுப்பும் இருக்க வேண்டும். பிழைக்காத கொழுப்பு எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புப் படிவாகவோ மாறி, மார்பக எக்ஸ்ரே படமான மேமோகிராமில் குழப்பத்தை உண்டாக்கக்கூடும். பின்னாளில் உடல் எடை ஏறி இறங்கினால் அதுவும் ஏறி இறங்கும்.

ஊசி ஜெல் பக்கமே போகாதீர்கள். சீனாவில் பலருக்குச் செலுத்தப்பட்ட பாலிஅக்ரிலமைடு ஜெல் 2006இல் அங்கேயே தடைசெய்யப்பட்டது. திசுக்களுக்குள் பரவிய ஜெல்லை முழுவதுமாக வெளியே எடுக்க எந்த அறுவையாலும் முடியாது. இம்பிளான்ட்டையாவது எடுக்கலாம்.

கதிர்நிழல்

மேமோகிராம் எடுக்கும் பணியில் இருக்கிறேன். இந்த உரையாடலில் இதுவரை வராத ஒன்றைச் சொல்கிறேன்.

இம்பிளான்ட் இருந்தாலும் மேமோகிராம் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் பை கதிரை மறைப்பதால் அதன் பின்னால் இருக்கும் திசு படத்தில் தெரியாது. அதனால் வழக்கமான படங்களோடு, பையைப் பின்னால் தள்ளிவிட்டு முன்திசுவை மட்டும் இழுத்து எடுக்கும் கூடுதல் படங்களும் தேவைப்படுகின்றன. தசைக்கு அடியில் பை இருந்தால் இது எளிது. உறை இறுகியிருந்தால் கடினம். படம் எடுக்க வரும்போது இம்பிளான்ட் இருப்பதை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கத்தால் சொல்லாமல் வந்து, எந்திரத்தின் முன் நிற்கும்போது சொல்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால், அறுவைக்கு முன்பே அடிப்படைப் பரிசோதனைப் படம் எடுத்து வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பின்னாளில் ஒப்பிட அது உதவும்.

இன்னொன்று, கிழிவு. உப்புநீர் நிரப்பிய பை கிழிந்தால் நீர் உடலில் கலந்து, சில நாட்களில் அந்தப் பக்கம் சுருங்கிவிடும், கண்ணாடியே சொல்லிவிடும். சிலிகான் ஜெல் பை கிழிந்தால் ஜெல் பெரும்பாலும் உறைக்குள்ளேயே தங்கும், வெளியே எந்த மாற்றமும் தெரியாது. அதனால்தான் சிலிகான் வைத்துக்கொண்டவர்கள், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், ஐந்தாம் அல்லது ஆறாம் ஆண்டில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று பரிசோதிக்கும்படி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. அந்தச் செலவையும் அறுவைச் செலவோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பொதுவாக யாரும் அதை விலைப்பட்டியலில் எழுதித் தருவதில்லை.

பழுப்புத்தாள்

வரலாறு தெரிந்தால், எந்தப் பை என்று கேட்பது ஏன் முக்கியம் என்பது புரியும். 1962இல் ஹூஸ்டனில் தாமஸ் குரோனினும் ஃபிராங்க் ஜெரோவும் முதல் சிலிகான் இம்பிளான்ட்டை வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1992இல், பாதுகாப்புச் சான்று போதாது என்று அமெரிக்கா சிலிகான் ஜெல் பைகளின் அழகுப் பயன்பாட்டை நிறுத்தியது. 2006இல்தான் மீண்டும் அனுமதித்தது. அங்கே அழகுக்காகச் செய்துகொள்ள உப்புநீர்ப் பைக்கு 18 வயதும் சிலிகானுக்கு 22 வயதும் கீழெல்லை. இடையே, சிலிகானுக்கு மாற்றாகச் சோயா எண்ணெய் நிரப்பிய பைகள் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்து 1999இல் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை எடுத்துவிடும்படி அடுத்த ஆண்டு பிரிட்டனில் அறிவுறுத்தினார்கள். புதியது என்பதாலேயே ஒன்று மேலானது ஆகிவிடாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பிறகு பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம். மருத்துவத் தரச் சிலிகானுக்குப் பதிலாகத் தொழிற்சாலைத் தரச் சிலிகானை நிரப்பிப் பல நாடுகளுக்கு விற்றது. 2010 மார்ச்சில் தடைசெய்யப்பட்டது. நிறுவனர் ஷான் கிளோட் மாஸுக்கு 2013இல் 4 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. தன் உடலுக்குள் இருப்பது அந்த நிறுவனத்தின் பைதானா என்பது தெரியாமல் மருத்துவமனைகளுக்கு அலைந்த பெண்கள் பலர்.

2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்னும் சொரசொரப்பு மேற்பரப்புப் பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம் வேறு. இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள உறையில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் அந்த மேற்பரப்போடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. இது மார்பகப் புற்றுநோய் அல்ல, அரிதானதும்கூட. வைத்துப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்குவதும் நீர் கோப்பதும் இதன் வழக்கமான அறிகுறி. தொடக்கத்திலேயே கண்டால், பையையும் உறையையும் முழுதாக நீக்குவதே பெரும்பாலும் போதுமானதாக அமைகிறது. அறிகுறி இல்லாதவர்கள் அந்தப் பைகளை அவசரமாக எடுக்க வேண்டியதில்லை என்றுதான் அப்போதும் சொன்னார்கள். ஆகவே, வழுவழுப்பானதா சொரசொரப்பானதா, எந்த நிறுவனம், எந்த மாதிரி என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பைக்கும் வரிசை எண் உண்டு; அந்த எண் உள்ள அட்டை உங்கள் கையில் இல்லாவிட்டால், திரும்பப் பெறும் அறிவிப்பு வரும் நாளில் அது உங்களுக்கானதா என்பதைக்கூட அறிய முடியாது.

நிலாமுற்றம்

இதுவரை படித்தவர்கள் ஓடிவிடக்கூடும் என்று தோன்றுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக இம்பிளான்ட்டோடு வாழ்கிறேன்; எனக்குப் பிறவியிலேயே இரு பக்கமும் பெரிய வேறுபாடு இருந்தது. ஒருமுறைகூட வருந்தியதில்லை. அறுவைக்கு முன்பு நான் குனிந்து நடந்தவள் என்பதே, பிறகு நிமிர்ந்து நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மழைத்துளி இன்னொரு குழந்தையைப் பற்றிச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். எனக்கு மார்பகத்தின் கீழ் மடிப்பில்தான் வெட்டினார்கள். பின்னர் பிறந்த மகனுக்கு ஏழு மாதங்கள் பால் கொடுத்தேன். காம்பின் கருவட்டத்தைச் சுற்றி வெட்டும் முறையில் பால் குழாய்களும் நரம்பும் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுதல் என்று என் மருத்துவர் முன்பே விளக்கி, அதைத் தவிர்த்தார். ஆனாலும் வலப்பக்கக் காம்பில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. இதுவும் நடக்கும் என்று ஒப்பந்தத் தாளில் எழுதியிருந்தது, படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். எனவே எனக்கு அது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. தறியின் வருத்தத்துக்கும் என் நிறைவுக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் இந்த வேறுபாடுதான் என்று நினைக்கிறேன்.

தறி

அது சரி. நானும் இரண்டாவது முறை புதியதை வைத்துக்கொண்டவள்தானே, வெறுத்திருந்தால் எடுத்துவிட்டிருப்பேன்.

மழைத்துளி

அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள். சோர்வு, மூட்டு வலி, மறதி என்று பலர் இம்பிளான்ட்டைக் குற்றம் சொல்கிறார்களே, அது உண்மையா? அறுவைக்குப் பின் எத்தனை நாள் குழந்தையைத் தூக்கக் கூடாது? அவளுக்கு இப்போது பன்னிரண்டு கிலோ.

இரவுப்பணி

முதல் கேள்விக்கு நேர்மையான பதில் பாதி பதில்தான். 1999இல் அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசினின் பெரிய ஆய்வறிக்கை, சிலிகான் பைகள் மூட்டுவாதம் போன்ற இணைப்புத்திசு நோய்களை உண்டாக்குவதாகச் சான்று இல்லை என்றது. ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகளோடு வரும் பெண்கள் இருக்கிறார்கள். பையை எடுத்தபின் அவர்களில் பலர் தேறியதாகச் சொல்கிறார்கள். அதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. 2021 எச்சரிக்கையில் இந்த அறிகுறிகளும் இடம்பெற்றிருக்கின்றன. உங்களுக்கோ குடும்பத்துக்கோ உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, நான்கு முதல் ஆறு வாரங்கள். பன்னிரண்டு கிலோ என்பது அந்த நாட்களில் நீங்கள் தொடவே கூடாத எடை. தொட்டிலில் இருந்து எடுப்பது, குளிப்பாட்டுவது, இரவில் தோளில் போடுவது எல்லாவற்றுக்கும் வேறொருவர் வேண்டும். அந்த ஆள் உறுதியாகாமல் தேதி குறிக்காதீர்கள். முதல் இரண்டு நாட்களில் ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கி இறுகினால் உள்ளே இரத்தம் கட்டுகிறது என்று பொருள். விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த நேரத்தில் யார் தொலைபேசியை எடுப்பார்கள் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். நிகோட்டின் ஒட்டும் பட்டையும் புகையைப் போலவே இரத்தக்குழாயைச் சுருக்கும். ஆஸ்பிரின் உட்பட நீங்கள் எடுக்கும் மருந்துகள், மூலிகை மாத்திரைகள் அனைத்தையும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மழைத்துளி

மூன்று வாரங்கள் கழித்து வருகிறேன். உங்கள் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் சென்றேன். அவர் மாதிரிப் பைகளை வெளியே எடுக்கவே இல்லை. அளவுகோலால் அளந்து, கிள்ளிப் பார்த்து, காம்பு மடிப்புக்குச் சற்றுக் கீழே இறங்கியிருப்பதாகவும், எனக்குத் தேவைப்படுவது தூக்கு அறுவையே தவிர இம்பிளான்ட் கட்டாயம் இல்லை என்றும் சொன்னார். அடுத்த குழந்தைக்கான எண்ணம் இருக்கும்போது இப்போது எதைச் செய்தாலும், கர்ப்பமும் பால்கொடுத்தலும் மீண்டும் வடிவத்தை மாற்றிவிடும். அந்தக் குழந்தைக்குப் பால் நிறுத்திக் குறைந்தது ஆறு மாதங்கள் ஆன பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். முன்பணம் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஓராண்டாக மனத்தில் ஒரு தேதியை வைத்திருந்தேன்.

இரவுப்பணி

அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவர் எடுத்த அளவுகளின் நகலையும், முன்னும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களையும் கேட்டு வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தாலும், எது மாறியிருக்கிறது என்பதை அவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.